வீட்டிலேயே பிரஷர், சுகர் பார்ப்பது: சேலம், ஏற்காட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டு மலை ஊர்களிலும் வயதானவர்கள் இருக்கும் பல வீடுகளில் இப்போது ஒரு பிபி மெஷினாவது இருக்கிறது. வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ வாங்கி அனுப்பியதாக இருக்கும். சில வீடுகளில் அது தினமும் வேலை செய்கிறது. சில வீடுகளில் பெட்டி பிரிக்காமல் பீரோ மேலே இருக்கிறது. இரண்டு விதமான வீடுகளிலிருந்தும் வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் டாக்டர் உங்களுக்கென்று வேறு அளவு சொல்லியிருந்தால் அவர் சொன்னதே சரி.

அப்பாவுக்கு 70 வயது. என்னென்ன மெஷின் வாங்க வேண்டும்?

அவருக்கு என்ன நோய் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். ரத்த அழுத்தம் இருந்தால் பிபி மெஷின். சர்க்கரை நோய் இருந்தால், முக்கியமாக இன்சுலின் போடுபவர் என்றால், சுகர் மெஷின். இதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தால் ஒரு நல்ல எடை மெஷின். இந்தக் கடைசி மெஷினை யாரும் நினைப்பதே இல்லை. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் எடை ஏறினால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று அர்த்தம். கால் வீங்கி மூச்சு வாங்குவதற்கு முன்பே எடை அதைச் சொல்லிவிடும். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் ஏறி நின்று பார்க்க வேண்டும்.

எதை வாங்கினாலும் வாங்கும் நாளிலேயே மூன்று விஷயம் முடிவாகட்டும்: யார் அளப்பது, எங்கே எழுதுவது, அளவு தப்பாக வந்தால் யாரிடம் சொல்வது. இது முடிவாகாத வீட்டில் விலை உயர்ந்த மெஷினும் பயன்படாது.

பிபி மெஷினில் கையில் கட்டுவது நல்லதா, மணிக்கட்டில் கட்டுவதா?

மேல்கையில் கட்டுவது. மணிக்கட்டு மெஷினை இதயத்தின் உயரத்தில் சரியாகப் பிடிக்காவிட்டால் அளவு மாறும். கை நடுங்கும் பெரியவருக்கு அது கஷ்டம். மேல்கை மிகவும் பருமனாக இருந்து பட்டை சேராதவர்களுக்கு மட்டும் மணிக்கட்டு மெஷினை டாக்டரைக் கேட்டு வாங்கலாம்.

கடைக்குப் போகும் முன் தையல் டேப்பால் மேல்கையின் நடுச்சுற்றளவை அளந்துகொண்டு போங்கள். பெட்டியில் பட்டையின் அளவு 22–32 செ.மீ. அல்லது 22–42 செ.மீ. என்று போட்டிருக்கும். சின்னப் பட்டையைப் பெரிய கையில் இழுத்துக் கட்டினால் பிரஷர் இல்லாதவருக்கும் பிரஷர் காட்டும். ஸ்ட்ரைட் பிபி என்ற இணையதளத்தில் சோதித்துத் தேறிய மாடல்களின் பட்டியல் இருக்கிறது. பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். ப்ளூடூத், ஆப் எல்லாம் அப்புறம்தான். எழுத்து பெரியதாகத் தெரிகிறதா, பட்டன் ஒன்றா பத்தா, பட்டையை ஒரே கையால் கட்ட முடிகிறதா என்பதைப் பெரியவரையே கடைக்குக் கூட்டிப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கைக்கு வாங்கும் பொருளை அவர் இல்லாமல் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சரியாக அளப்பது எப்படி?

தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, பீடி, நடைப்பயிற்சி எதுவும் வேண்டாம். ஏற்காட்டில் காலைக் காபியைத் தள்ளிப்போடச் சொல்வது பெரிய கோரிக்கை என்று எனக்குத் தெரியும். ஆனால் எழுந்ததும் பிரஷர், அப்புறம் காபி, மாத்திரை என்று வரிசையை மாற்றினால் யாருக்கும் இழப்பில்லை. சிறுநீர் முட்டிக்கொண்டு இருக்கும்போது அளக்கக் கூடாது. அதுவே மேல் அளவை (120/80 என்றால் 120 என்ற எண்ணை) 10 வரை ஏற்றும்.

முதுகு சாய்கிற நாற்காலியில் உட்காருங்கள். கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்காருவதும், தரையில் சம்மணம் போடுவதும் இதற்குச் சரிப்படாது. பாதம் இரண்டும் தரையில் படியட்டும். கால் மேல் கால் போட்டால் 2 முதல் 8 வரை கூடும். கையை மேசை மேல் வையுங்கள், பட்டை நெஞ்சின் உயரத்தில் இருக்கட்டும். கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தால் இன்னொரு 10 கூடும். சட்டைக் கையின் மேலே பட்டையைக் கட்டுவதும் தவறு. இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கையை நெரிக்கும்; தளர்வான உடையில் எடுங்கள்.

ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அளக்கும்போது பேச்சு வேண்டாம், சீரியல் வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். முதன்முறை மட்டும் இரண்டு கையிலும் பார்த்து, எதில் அதிகம் வருகிறதோ அந்தக் கையிலேயே பிறகு எப்போதும் எடுங்கள். டயாலிசிஸ் ஊசி ஏறும் கையிலும், மார்பக அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கையிலும் டாக்டரைக் கேட்காமல் கட்டக் கூடாது.

தினமும் எடுக்க வேண்டுமா?

டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய 7 நாட்கள், மாத்திரை மாற்றிய பிறகு டாக்டர் சொல்லும் நாட்கள்: அப்போது காலையும் மாலையும் எடுங்கள். அளவு நிலையாக இருப்பவருக்கு மற்ற நாட்களில் தினமும் தேவையில்லை.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வருகிறதே, மெஷின் ரிப்பேரா?

இல்லை. ரத்த அழுத்தம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் இயல்புடையது. 138, 131, 142 என்று வந்தால் மூன்றும் உண்மைதான். டாக்டருக்கு வேண்டியது ஒரு வாரத்தின் சராசரி. நாடித் துடிப்பு ஒழுங்கில்லாத சிலருக்கு மெஷின் அடிக்கடி தப்புக் காட்டும், ‘எர்ரர்’ வரும். புது பேட்டரி போட்டும் அப்படியே வந்தால் மெஷினைக் குறை சொல்லாமல் டாக்டரிடம் போய் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற, பக்கவாதத்துக்கு வழிவிடும் துடிப்புக் கோளாறு இப்படித் தெரியவருவது உண்டு. வருடத்துக்கு ஒருமுறை உங்கள் மெஷினையும் டாக்டரிடம் எடுத்துப்போய் அங்கே உள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் 160, வீட்டில் 130. எதை நம்புவது?

முறையாக எடுத்த வீட்டு அளவை. ஐந்து ரோட்டு நெரிசலில் வந்து, டோக்கன் வாங்கி, ஒரு மணி நேரம் காத்திருந்து, படபடப்போடு டாக்டர் முன் உட்காருபவருக்குப் பிரஷர் ஏறத்தான் செய்யும். நேர்மாறாகவும் நடக்கும்: ஆஸ்பத்திரியில் சரியாக இருந்து வீட்டில் கூடுதலாக வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆபத்து அதிகம், ஏனென்றால் யாரும் கவனிப்பதில்லை. ஆஸ்பத்திரியில் 140/90 என்பதை உயர் ரத்த அழுத்தத்தின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டால், வீட்டில் அதற்குச் சமமான எண் 135/85. இந்த வித்தியாசம் தெரியாமல் வீட்டில் 138 வந்தால் “140க்குள்தானே” என்று விட்டுவிடுகிறார்கள்.

வெயில் காலத்தில் அம்மாவுக்கு எழுந்து நின்றால் கிறுகிறுப்பு வருகிறது. மெஷின் 124 காட்டுகிறது. நல்ல அளவுதானே?

உட்கார்ந்து எடுத்த அளவு அது. நின்று எடுத்துப் பாருங்கள். உட்கார்ந்தோ படுத்தோ ஒருமுறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதுதான் கிறுகிறுப்புக்குக் காரணம். எடுக்கும்போது பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள்.

சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. வியர்வையில் உப்பும் நீரும் போய்விடும். அதோடு சிறுநீர் பிரிக்கும் வகை பிரஷர் மாத்திரையும் சாப்பிடுபவருக்கு அழுத்தம் இறங்கிவிடும். இரவில் பாத்ரூம் போக எழுந்து விழுவதும், இடுப்பெலும்பு முறிவதும் இப்படித்தான் நடக்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நின்று எடுத்த அளவை எழுதி டாக்டரிடம் காட்டினால் அவர் வெயில் காலத்துக்கு மாத்திரையின் அளவைக் குறைத்துத் தருவார், அல்லது மாற்றித் தருவார். வீட்டு மெஷினால் கிடைக்கும் மிகப் பெரிய நன்மைகளில் ஒன்று இது. ஆனால் நின்று எடுக்கலாம் என்று பெரியவர்களிடம் சொல்பவர்கள் குறைவு.

சுகர் மெஷினில் திடீரென்று 280 வந்தது. பயந்துபோனோம். என்ன செய்ய வேண்டியிருந்தது?

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு, வேறு விரலில் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. மாம்பழ சீசனில் இது சேலத்து வீடுகளில் சகஜம். பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் சாறே ரத்தச் சொட்டு வைக்கும் ஸ்ட்ரிப்பில் ஏறி அளவைத் தூக்கிவிடும். சானிடைசர் தடவுவது சோப்புக்கு ஈடாகாது. ஈரக் கையிலும் குத்தக் கூடாது, ரத்தம் நீர்த்துவிடும்.

விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. தறி ஓட்டியும் வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை வைத்தும் காய்ப்பு ஏறிய விரல்களுக்கு ஊசி ஆழத்தை ஒரு படி கூட்ட வேண்டியிருக்கும். விரலைப் பிதுக்கிப் பிதுக்கி ரத்தம் எடுக்காமல், வெந்நீரில் கழுவி, கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டால் தானாக வரும்.

ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி எப்போதும் இறுக்கமாக இருக்கட்டும். ஏற்காட்டு மழைக்கால ஈரத்தில் மூடி திறந்து கிடந்தால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். பிரிட்ஜிலும் வேண்டாம், வெயில்படும் ஜன்னலோரமும் வேண்டாம். டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். பல மெஷின்கள் 10 முதல் 40 டிகிரி வரைதான் வேலை செய்யும் என்று கையேட்டில் போட்டிருக்கும். மே மாத மதியம் அஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டிலும், டிசம்பர் விடியற்காலை மலை வீட்டிலும் அது ‘எர்ரர்’ காட்டினால் காரணம் இதுதான்.

இன்னொன்று. தேறிய மெஷின்களுக்கே உலகத் தர விதி 15 சதவீத வித்தியாசத்தை அனுமதிக்கிறது. லேபில் 180, வீட்டில் 195 என்றால் யாரும் ஏமாற்றவில்லை.

சுகர் எவ்வளவுக்குக் கீழே போனால் ஆபத்து?

70க்குக் கீழே வந்தால் உடனே செயல்பட வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, குழப்பமான பேச்சு ஆகியவை அடையாளங்கள். 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 70க்கு மேலே வராவிட்டால் இன்னொரு முறை. ஏறிய பிறகு கொஞ்சம் சாப்பாடு. வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற சுகர் மாத்திரை சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரை கொடுத்தால் சுகர் வேகமாக ஏறாது, குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

சில பிரஷர், இதய மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். பெரியவர் வழக்கத்துக்கு மாறாக எரிச்சலாகவோ தூக்கமாகவோ இருந்தால் “வயசாச்சு” என்று விடாமல் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். இன்சுலினும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளும் சுகரைத் தாழ்த்தக்கூடியவை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு லோ சுகர் அரிது, அவர் தினமும் விரலைக் குத்திக்கொள்ளத் தேவையில்லை. ஸ்ட்ரிப் விலையும் மிச்சம். வயது முதிர்ந்து தளர்ந்தவர்களுக்கு டாக்டர்களே இலக்கைத் தளர்த்தி வைப்பார்கள். 80 வயது பாட்டியின் சுகரை 40 வயதுக்காரர் அளவுக்குப் பிடித்து இறக்குவது ஆபத்து.

குத்தாமலே சுகர் காட்டும் வாட்ச் விற்கிறார்களே?

வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகவே சுகரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அது காட்டும் எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. மேல்கையில் ஒட்டும் சென்சார் வேறு. அதில் மெல்லிய இழை தோலுக்குள் இருக்கும், சுமார் 14 நாள் வரை தொடர்ந்து அளவு காட்டும். இரவில் சுகர் தாழ்ந்துபோகிறவர்களுக்கு அது பெரிய உதவி. செலவு கூடுதல் என்பதால் டாக்டர் சொன்னால் மட்டும் போதும்.

ஏற்காட்டுக்கு வந்ததும், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் 95 காட்டுகிறது. சேலத்தில் 98 இருந்ததே?

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவதால் ஓரிரு எண் இறங்குவது இயல்பு. குளிர்ந்த விரல், மருதாணி, நகப்பூச்சு இவையும் எண்ணைக் கெடுக்கும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் எண் நிலைக்கும்வரை பாருங்கள். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு உண்மையான அளவைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் குறை இந்தக் கருவிக்கு உண்டு. அதனால் 94 என்று காட்டினாலும் மூச்சு வாங்கினால் மூச்சை நம்புங்கள். 92க்குக் கீழே நின்றால் டாக்டர், 90க்குக் கீழே ஆஸ்பத்திரி. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்கு டாக்டர் தனி எண் சொல்லியிருப்பார், அதை மெஷின் மேலேயே ஒட்டி வையுங்கள்.

அம்மாயிக்கு எழுத்து தெரியாது, காதும் சரியாகக் கேட்காது. அவரால் முடியுமா?

முடியும். எழுத்து தெரியாத பலருக்கும் எண் தெரியும். பஸ் நம்பரும் ரூபாய் நோட்டும் பார்த்துப் பழகியவர்கள். மெஷினில் உள்ள ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் ‘மேல்’, ‘கீழ்’, ‘நாடி’ என்று ஸ்டிக்கர் ஒட்டலாம், அல்லது மூன்று நிறத்தில் ஒட்டி நோட்டிலும் அதே நிறத்தில் கட்டம் போட்டுக் கொடுக்கலாம். அம்மாபேட்டைப் பக்கம் தறிச் சத்தத்தில் வருடக்கணக்கில் வேலை செய்தவர்களுக்கு முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். மெஷினின் ‘பீப்’ அந்த ரகம். ஒலியை நம்பாமல், பட்டை தளர்ந்த பிறகு திரையைப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டாதீர்கள். முதல் நாள் பட்டை கட்டுவது மட்டும். நீங்கள் செய்து காட்டிவிட்டுப் போகாமல், அவர் செய்ய நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

அப்பா ஒரு நாளைக்குப் பத்து முறை அளக்கிறார். ஒவ்வொன்றுக்கும் பயப்படுகிறார்.

பயம் பிரஷரை ஏற்றும், ஏறியது மறுபடி பயமுறுத்தும். காலை இரண்டு, மாலை இரண்டு, அவ்வளவுதான் என்று டாக்டர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அப்படியும் மனம் அடங்காவிட்டால் அந்தப் பதற்றத்தைப் பற்றியும் டாக்டரிடம் பேசுங்கள். தனிமை, தூக்கமின்மை எல்லாம் அதற்குள் இருக்கும்.

நான் பெங்களூரில் இருக்கிறேன். அளவெல்லாம் என் போனுக்கு வரும்படி செய்துவிட்டேன், ஹாலில் கேமராவும் வைக்கலாமா?

அவர்களைக் கேட்டீர்களா? இதை முதலில் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எண் கூடினால் போனில் திட்டு விழும் வீட்டில் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நல்ல எண் வரும்வரை மறுபடி மறுபடி எடுத்து, அதை மட்டும் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். “உன் பையன் கத்துவான்” என்று அம்மாவிடம் அப்பா சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். டாக்டருக்குப் போக வேண்டிய உண்மை அங்கேயே நின்றுவிடுகிறது.

அளவு அவர்களுடையது. அவர்கள் நோட்டில் எழுதி, அவர்கள் விருப்பத்தோடு உங்களுக்குத் தெரியட்டும். போன் செய்தால் சாப்பிட்டீர்களா, மாங்காய் வந்துவிட்டதா என்று கேட்டு, அப்புறம் சுகர் எவ்வளவு என்று கேளுங்கள். எண் கூடியிருந்தால் “என்ன தின்னீங்க?” என்று விசாரிக்காமல் “டாக்டரைக் கேட்போமா?” என்று சொல்லுங்கள். கேமரா, அவர்கள் மனப்பூர்வமாகச் சரி என்றால் மட்டும். படுக்கையறையிலும் குளியலறையிலும் கூடவே கூடாது. கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரையும் இரவு விளக்கும் கேமராவைவிட அதிகம் காப்பாற்றும்.

அவசரத்துக்கு உடனே ஓடிவரக்கூடிய ஒருவரை, பக்கத்து வீட்டுக்காரரோ தெருவிலுள்ள உறவினரோ, பேசி வைத்து அவரிடம் ஒரு சாவி கொடுங்கள். விழுந்தால் கண்டுபிடிக்கும் வாட்ச் இருந்தாலும் அது போன் செய்யும், கதவைத் திறக்க ஆள் வேண்டும். வாட்சைத் தினமும் சார்ஜ் போட வேண்டும், குளிக்கப் போகும்போதும் கழற்றக் கூடாது. குளியலறையில் வழுக்கி விழுபவர்கள் பலர். உங்களது தண்ணீர் தாங்கும் ரகமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையில் எங்கள் ஊரில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. என்ன செய்வது?

ஆப் தேவையில்லாத மெஷின் வாங்குங்கள், நோட்டும் பேனாவும் போதும். கூடுதல் பேட்டரி வீட்டில் இருக்கட்டும்.

மலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. உள்ளூர்க் கிராமத்திலிருந்து ஏற்காடு வருவதற்கே தனி நேரம் ஆகும். மூளையில் ரத்தக் கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எனவே வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல் தெரிந்தால் பிரஷர் எடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். கிளம்பிவிடுங்கள். நெஞ்சுவலிக்கும் அதேதான்.

180 காட்டினால் உடனே 108ஐக் கூப்பிட வேண்டுமா?

ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி எடுங்கள். 180/120க்கு மேலேயே நின்று, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், கடும் தலைவலி, கை கால் தளர்ச்சி ஏதாவது இருந்தால் 108. எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். கூடுதல் மாத்திரையை நீங்களாகப் போட்டு வேகமாக இறக்கப் பார்க்காதீர்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்களே, தனி மெஷின் எதற்கு?

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். மெஷின் வாங்க வசதியில்லாதவர்கள் அதை முழுமையாகப் பயன்படுத்துங்கள். சொந்த மெஷின் இருப்பவர்கள் உங்கள் நோட்டை அவர்களிடமும் காட்டுங்கள். அவர்கள் வராத நாட்களில் என்ன நடந்தது என்று அந்த நோட்டில்தான் இருக்கிறது.

உபயோகித்த ஊசியையும் பழைய மெஷினையும் எங்கே போடுவது?

ஊசியையும் ஸ்ட்ரிப்பையும் குப்பைத் தொட்டியில் அப்படியே போட்டால் குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளர் கையில் ஏறும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியை டேப்பால் ஒட்டி, நீங்கள் போகும் ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுக் கொடுங்கள். ஒருவர் ஊசியை இன்னொருவர் பயன்படுத்தவே கூடாது, கணவன் மனைவி என்றாலும். பழைய பாதரசப் பிரஷர் கருவி வீட்டில் இருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, உடைக்காமல், ஆஸ்பத்திரியிலேயே விசாரித்து ஒப்படையுங்கள்.